நடுவில் நிற்கிற ப்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுங்களா. வாசல் பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுங்கள், பின்னால் வருகிறவர்களுக்கும் காது இருக்கிறது. இன்றைக்கு ராஜாவும் இல்லை, ராட்சசனும் இல்லை. ஒரு வீட்டம்மா, ஒரு புத்தகம், ஒரே ஒரு எழுத்து. அந்த எழுத்தின் தலையில் ஒரு புள்ளி. இவ்வளவுதான் கதை. ஆனால் முழுசாகச் சொல்லி முடிக்கிறவரை ஒருத்தரையும் எழுந்து போக விடமாட்டேன்.

அந்தம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் வேலை. நர்சு என்று நினைத்துவிடாதீர்கள். துணி அறையில் வேலை. சலவையிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்பு, தலையணை உறை, திரைச்சீலை எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும், கிழிந்ததைத் தைக்க வேண்டும், மடித்து வார்டு வாரியாக அடுக்க வேண்டும். எந்த விரிப்பு எந்த வார்டுக்கு என்று எப்படித் தெரியும்? மூலையில் ஒரு சின்னத் தையல் இருக்கும். மூன்றாம் வார்டுக்குச் சிவப்பு நூல், நாலாம் வார்டுக்குப் பச்சை. அந்தத் தையலைப் போடுவதும் அவள்தான். இருபத்தாறு வருஷமாக அதே சாய்வு, அதே நெருக்கம். கண்ணைக் கட்டிவிட்டாலும் விரலால் தடவியே தன் தையலைச் சொல்லிவிடுவாள்.

அவள் வீட்டுக்காரர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். எல்லோருக்கும் அவர் 'ப்ரூஃப் சார்'. அச்சகத்தில் திருத்துவது போதாதென்று கையில் எது வந்தாலும் திருத்துவார். மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதம், கரண்ட் பில், சோப்பு உறை, எதுவும் தப்பாது. காதில் செருகிய பென்சில் தூங்கும்போதுதான் கீழே இறங்கும். வேண்டாத எழுத்தின் மேல் ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் ஒரு சுழி போடுவார். 'இதை எடுத்துவிடு' என்று அர்த்தம். அந்தச் சுழிக்கு அவர் மகள் ஏழு வயதில் வைத்த பெயர் பன்றிவால்.

ப்ரூஃப் சார் போய்ச் சேர்ந்து எட்டு மாசம். அந்தம்மா வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரியில், நாலாம் வார்டில். மகள் வெளியூரிலிருந்து வந்து பதினோரு நாள் இருந்தாள். அழுதாள், சாப்பிடாமல் கிடந்தாள், மறுபடி அழுதாள். அந்தம்மாவோ பாத்திரம் கழுவினாள், வந்தவர்களுக்கு டீ போட்டாள், தரை துடைத்தாள். கிளம்புகிற அன்றைக்கு மகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டாள்: "உனக்கு ஒண்ணுமே தோணலயாம்மா?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சு பாரு," என்றாள் அந்தம்மா.

பிறகு வேலைக்குத் திரும்பினாள். பச்சை நூல் போட்ட விரிப்புகள் வந்தன. எது அவர் படுத்திருந்தது என்று யாருக்குத் தெரியும்? எல்லாவற்றையும் ஒரே மாதிரி மடித்தாள்.

அந்த வாரத்தில்தான் பழைய பேப்பர்காரர் வாசலில் வந்து குரல் கொடுத்தார். செய்தித்தாள் இருக்கிறதா என்று கேட்டார். அவள் கதவை அகலத் திறந்து, சுவர் முழுக்க இருந்த புத்தகங்களைக் காட்டி, "எல்லாத்தையும் எடுத்துக்கோங்க," என்று சொல்லிவிட்டாள். ஏன் சொன்னாள் என்று என்னைக் கேட்காதீர்கள். அவளைக் கேட்டாலும் தெரியாது. அவர் மூன்று நடை வண்டி தள்ளினார். கடைசி நடையில் அவருக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது, ஒரு பச்சை பிளாஸ்டிக் வாளியை வாசலில் வைத்துவிட்டுப் போனார். வாளி நல்ல வாளி. அவள் தினமும் அதில்தான் குளித்தாள்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோது ஒருநாள் மகளிடமிருந்து போன்.

"அம்மா, இந்த மாசக் கடைசி சனிக்கிழமை வரேன். மூணு நாள் லீவு கெடச்சிருக்கு."

"வா."

"அப்பாவோட புத்தகமெல்லாம் என்ன பண்ணப் போறே?"

"நூலகத்துக்குக் கொடுத்துட்டேன்." பொய் தானாக வந்தது. அலமாரியில் இருந்து ஏதோ எடுப்பதுபோல.

"என் பறவைப் புத்தகத்தையுமா?"

பறவைப் புத்தகம் எதுவென்று அவளுக்குத் தெரியும். நீல அட்டை. மகளுக்கு ஏழு வயதாக இருக்கும்போது அப்பாவும் மகளும் தினம் சாயங்காலம் அதை வைத்துக்கொண்டு உட்காருவார்கள். அவருக்கு முன்னால் மகள் பிழையைக் கண்டுபிடித்துவிட்டால் அந்த இடத்தில் பன்றிவால் போடும் உரிமை அவளுக்கு. புத்தகம் முழுக்க அவர் போட்ட நேர்த்தியான வால்கள், நடுநடுவே அவள் போட்ட கோணல் வால்கள்.

"உன்னோடதை மட்டும் எடுத்து வச்சிருக்கேன்," என்றாள் அந்தம்மா.

"அது போதும்மா. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

போனை வைத்தாள். மகள் கேட்ட அந்தக் கேள்வி இருக்கிறதே, 'ஒண்ணுமே தோணலயா' என்பது, அது எட்டு மாசமாக வீட்டில் ஒரு நாற்காலிபோல இருந்தது. புத்தகமும் இல்லையென்றால் அதற்குப் பதில் கிடைத்ததாகிவிடும். ஆமாம், ஒன்றும் தோன்றவில்லை, உன் அப்பாவை வாளிக்குப் போட்டுவிட்டேன். நடுவில் மூன்று ஞாயிற்றுக்கிழமை இருந்தது.

ஞாயிறு என்றால் அந்த ஊரில் வங்கிக் கட்டடத்தை ஒட்டிய தெருவில் சந்தை. வாரத்துக்கு ஒருநாள் வண்டிகளை நிறுத்திவிட்டு, தெரு முழுக்கத் தார்ப்பாய் விரித்துக் கடை போடுவார்கள். சாவி இல்லாத பூட்டு, பூட்டு இல்லாத சாவி, ஒற்றைச் செருப்பு, எந்த டிவிக்கும் ஆகாத ரிமோட், யார் யாரோ போட்டுக் கழற்றிய மூக்குக் கண்ணாடி. ப்ரூஃப் சார் ஒரு வாரம் விடாமல் போவார். அவள் ஒருநாளும் கூடப் போனதில்லை, ஞாயிறு அவளுக்கு வீட்டுத் துணி துவைக்கும் நாள். ஆனாலும் புத்தகக்கடையைக் கண்டுபிடிக்க அவளுக்கு வழி தெரியும். முப்பது வருஷமாக அதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"போர்டுல 'பழையப் புத்தகம்'னு எழுதி வச்சிருக்கான். பழைய புத்தகம்னா பத்தாதா? நடுவுல அந்த ப் எதுக்கு? தேவையில்லாத எடத்துல வந்து நிக்குது. சொன்னா கேக்கமாட்டேங்கறான்."

இதைச் சொல்லாமல் அவர் ஒரு ஞாயிறும் மதியச் சாப்பாட்டில் கை வைத்ததில்லை.

அவள் தெருவின் இந்தக் கோடியிலிருந்து நடந்தாள். புத்தகக்கடை ஐந்தாறு இருந்தது. போர்டுகளைப் படித்துக்கொண்டே போனாள். கடைசியில் இரண்டு கம்புக்கு நடுவே கட்டிய வெள்ளைத் துணியில் சிவப்புப் பெயிண்டில் அந்த ப் நின்றுகொண்டிருந்தது. மற்ற எழுத்தெல்லாம் வெளுத்திருக்க, அது மட்டும் பளிச்சென்று இருந்தது.

"வாங்கம்மா, வாங்க. சமையலா, சட்டமா, சரித்திரமா?" என்றார் கடைக்காரர். ஐம்பது வயதிருக்கும். தலையில் துண்டு.

"பறவை," என்றாள்.

"பறவையா? போன வாரம்தான் யானை போச்சு. பறவை உக்காந்திருக்கான்னு தேடிப் பாருங்க."

அவள் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எடுத்ததை அதே இடத்தில், ஓரம் சேர்த்து, மடிப்புக் கலையாமல் வைத்தாள். தொழில் புத்தி. கடைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டாவது அடுக்கில் ஒரு ரேடியோ ரிப்பேர் புத்தகம் கிடைத்தது. திறந்தாள். ஓரம் முழுக்கப் பன்றிவால். அவர் ரேடியோ ரிப்பேரையும் விட்டுவைக்கவில்லை.

"இது அவர் கை," என்றாள். மூலையைப் பார்த்து 'இது மூணாம் வார்டு' என்று சொல்லுகிற அதே குரலில். பிறகு அதையும் ஓரம் சேர்த்துக் கீழே வைத்தாள்.

"யார் கைம்மா?"

"ப்ரூஃப் சார்னு ஒருத்தர் வருவாரே."

"ஐயோ, சாரா? எட்டு மாசமா ஆளையே காணோம். கோவிச்சுக்கிட்டு வேற கடைக்குப் போயிட்டார்னு நெனச்சேன். நீங்க..."

"அவர் வீட்ல. அவர் இல்ல."

கடைக்காரர் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்து அவள் பக்கம் தள்ளினார். அவள் அதில் உட்கார்ந்தாள், உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். பேப்பர்காரர், மூன்று நடை, வாளி, மகள், சனிக்கிழமை. கரண்ட் பில் படிப்பதுபோலச் சொன்னாள்.

"அந்தப் பேப்பர்காரர் போடற குடோன்லேர்ந்துதான்மா எனக்கும் சரக்கு வருது," என்றார் கடைக்காரர். "மூட்டையா வரும். வாரத்துக்கு ரெண்டு மூட்டைதான் பிரிப்போம். இந்த ரேடியோ நேத்துப் பிரிச்ச மூட்டை. அப்ப மிச்சமும் அதோட கூடத்தான் இருக்கணும். நீல அட்டைன்னு சொன்னீங்க இல்ல? பாத்தா எடுத்து வைக்கிறேன். அடுத்த ஞாயிறு வாங்க."

அவள் எழுந்தாள். நாலு அடி போனவளைக் கூப்பிட்டு அவர் ரேடியோ புத்தகத்தை நீட்டினார். "இதை எடுத்துக்கிட்டுப் போங்கம்மா, காசெல்லாம் வேண்டாம்."

"எனக்கு ரேடியோ ரிப்பேர் பண்ணத் தெரியாது," என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

இரண்டாவது ஞாயிறு விடியற்காலையிலிருந்து மழை. கடைகள் பாதிதான். கடைக்காரர் தார்ப்பாயைப் புத்தகத்துக்குக் கீழே போடாமல் மேலே போட்டு, தானும் அதற்குள் குந்தியிருந்தார். நீல அட்டை வரவில்லை. அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

"ஒண்ணு கேக்கணும்," என்றாள் அவள். "அந்த ப். அவர் அத்தனை தடவை சொன்னாரே, எடுத்துத் தொலைச்சா என்ன?"

கடைக்காரர் சிரித்தார். "ஒரு வாட்டி எடுத்தேன்மா. வெள்ளைப் பெயிண்ட் வச்சு மறைச்சேன். அன்னிக்கு சார் வந்தார். போர்டைப் பாத்தார். 'நல்லது'ன்னார். போயிட்டார். ஒரு புத்தகத்தைக்கூடக் குனிஞ்சு பாக்கல. அடுத்த வாரமே மறுபடி எழுதிட்டேன். அது இருந்தாத்தான் வந்து நின்னு அரை மணி நேரம் சண்டை போடுவார். போட்ட சண்டைக்கு ரெண்டு புத்தகமாவது வாங்கிட்டுப் போவார். வருஷா வருஷம் அந்த எழுத்துக்கு மட்டும் புதுப் பெயிண்ட் அடிப்பேன்."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாமலா? 'இந்த வருஷம் ப் நல்லா செவந்திருக்கே'ன்னு அவரே சொல்லியிருக்கார்."

அவள் டீயைக் குடித்து முடித்தாள். இதற்குச் சிரிக்க வேண்டும் என்று தெரிந்தது. வாயை அதற்குத் தகுந்த மாதிரி வைத்துக்கொண்டாள்.

மூன்றாவது ஞாயிறு. கடைக்காரர் தூரத்திலேயே அவளைப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கி ஆட்டினார். கடைக்குப் பின்னால், வங்கியின் படிக்கட்டில், அவருடைய அக்கா உட்கார்ந்திருந்தாள். எழுபதை நெருங்கிய மனுஷி. மடியில் ஒரு பலகை, பலகை மேல் புத்தகம், கையில் ரப்பர், பக்கத்தில் முகச்சவரம் பண்ணுகிற பிரஷ். அவளுக்கு அதுதான் வேலை. பழைய புத்தகத்தில் பென்சில் கோடு இருந்தால் வாங்குகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். அதனால் மூட்டையிலிருந்து எடுத்ததை அக்கா ஒவ்வொரு பக்கமாக அழித்து, பிரஷால் தூசி தட்டி, சுத்தமாக்கித் தருவாள். பிறகுதான் கடைக்கு வரும், அந்த ரேடியோ புத்தகம்போல அவசரத்தில் தப்பி வந்தது தவிர.

"கெடச்சிடுச்சும்மா," என்று கடைக்காரர் நீல அட்டையைக் கையில் கொடுத்தார்.

அவள் முதலில் பார்த்தது புத்தகத்தின் முதுகை. எப்போதோ பிய்ந்த முதுகை அவள்தான் தைத்துக் கொடுத்தாள், மூன்றாம் வார்டுச் சிவப்பு நூலால். கட்டை விரலால் தடவினாள். அதே சாய்வு, அதே நெருக்கம். அவளுடையதேதான்.

பிறகு திறந்தாள். பக்கங்கள் வெள்ளையாக இருந்தன. கொக்கு, மீன்கொத்தி, ஆந்தை. ஓரத்தில் ஒன்றுமில்லை.

"அதுவா?" என்றாள் அக்கா படிக்கட்டிலிருந்து. "அந்தப் புத்தகம் என் தோள்பட்டையையே பேத்துடுச்சும்மா. ரெண்டு நாள் ஆச்சு. எவனோ பக்கம் பக்கமா சுழி சுழியா போட்டு வச்சிருந்தான். நான் ஒரு சுழி விடல. நல்லாப் பாரு, எங்கயாவது தெரியுதா?"

கடைக்காரர் முகம் செத்துவிட்டது. அக்காவிடம் அவர் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார். ஆனால் அழிக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. புத்தகம் கிடைக்க வேண்டும் என்றுதானே அந்தம்மா சொன்னாள்.

"அக்கா, அது சாரோட..." என்று ஆரம்பித்தார்.

"தெரியல," என்றாள் அந்தம்மா பெரியவளைப் பார்த்து. "ஒண்ணுகூடத் தெரியல. நல்லா பண்ணியிருக்கீங்க."

"ரப்பரை அழுத்தக் கூடாது. பூப்போல ஒத்தி ஒத்தி எடுக்கணும். அதுக்கே காகிதம் சில எடத்துல மேல் தோல் போயிடுச்சு. அந்த ஆளு அழுத்தி எழுதியிருக்கான்."

"எங்கெங்க இருந்ததுன்னு ஞாபகம் இருக்கா?"

"எல்லா எடத்துலயும்தான்."

அந்தம்மா புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். அப்படி நிற்கவில்லை. துணிப்பையில் போட்டாள், கடைக்காரருக்குப் பணம் கொடுத்தாள், அவர் வாங்கவில்லை, தார்ப்பாய் மேல் வைத்தாள், நடந்தாள். தலைக்கு மேல் அந்த ப் காற்றில் ஆடியது.

திங்கட்கிழமை துணி அறை. அவளோடு வேலை பார்ப்பவளுக்கு 'ரேடியோ' என்று பெயர், காலையில் போட்டால் சாயங்காலம்தான் நிற்கும். இரண்டு பேரும் விரிப்பின் இரண்டு முனையைப் பிடித்து, கிட்டே வந்து மடித்து, பின்னால் போய், மறுபடி கிட்டே வந்து மடிப்பார்கள். அப்படி ஒரு விரிப்பின் நடுவில் அவள் ரேடியோவிடம் கேட்டாள்: "உனக்குப் பிழை திருத்தத் தெரியுமா?"

"என் வீட்டுக்காரரையே இன்னும் திருத்த முடியல, நான் எங்க பிழையத் திருத்தறது? ஏன்க்கா?"

அந்தம்மா சொன்னாள். ரேடியோ முனையைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். அவள் வாயடைத்துப் போனதை அந்த அறை அன்றைக்குத்தான் பார்த்தது. கடைசியில், "பேசாம பொண்ணுகிட்ட உண்மையச் சொல்லிடுங்கக்கா," என்றாள்.

"சொன்னா அவ நெனச்சது சரியாயிடும்."

"என்ன நெனச்சா?"

அந்தம்மா விரிப்பை நீட்டினாள்.

அந்த வாரம் மதியச் சாப்பாட்டு வேளையில் அவள் துணி அடுக்கு மேல் புத்தகத்தை வைத்துக்கொண்டு, கையில் அவருடைய பென்சிலோடு உட்கார்ந்தாள். எட்டாவது வரை படித்தவள். வாசிக்கத் தெரியும். இலக்கணம் தெரியாது. எங்கே பிழை, எங்கே சரி என்று யாரைக் கேட்பாள்? முப்பது வருஷத்தில் அவர் சொன்னதில் அவள் காதில் தங்கியது ஒன்றே ஒன்றுதான். நடுவில் அந்த ப் எதற்கு? தேவையில்லாத இடத்தில் வந்து நிற்கிறது.

சரி, அப்படியே ஆகட்டும் என்று ஆரம்பித்தாள். இரண்டு சொல்லுக்கு நடுவே ஒரு ப் புள்ளி வைத்துக்கொண்டு நின்றால் போதும், அதன் மேல் ஒரு கோடு, ஓரத்தில் ஒரு பன்றிவால். வால் சரியாக வருவதற்குப் பழைய உறை மேல் இருபது தடவை போட்டுப் பழகினாள். தையல்காரியின் கை, சீக்கிரம் பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமைக்குள் முப்பத்தெட்டு வால்கள். ரேடியோ எட்டிப் பார்த்துவிட்டு, "அச்சு அசல் சார் கைதான்க்கா," என்று சத்தியம் பண்ணினாள். அவள் சாரின் கையெழுத்தைப் பார்த்ததே கிடையாது.

சனிக்கிழமை மகள் வந்தாள். வெறும் சுவரைப் பார்த்தாள். குளித்துவிட்டு வந்தாள். "பச்சை வாளி புதுசா?" என்றாள்.

"ஆமா."

மேஜை மேல் நீல அட்டை இருந்தது. மகள் முதலில் அட்டையைத் தடவினாள், முதுகின் சிவப்புத் தையலைத் தடவினாள், பிறகு உட்கார்ந்து முதல் பக்கத்தைத் திறந்தாள். அந்தம்மா அடுப்படியில் நின்று துடைத்த தட்டையே துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் திருப்பும் சத்தம். இன்னொரு பக்கம். அப்புறம் சத்தமில்லை.

"அம்மா. இங்க வா."

வந்தாள்.

"இங்க பாரு. 'தாய்ப் பறவை கூட்டைப் பார்த்தது.' ரெண்டு ப்-யையும் எடுக்கச் சொல்லி வால் போட்டிருக்கு. ரெண்டும் வேணும்மா இங்க. அப்பா இதை எடுக்கச் சொல்ல மாட்டார்."

"அவரும் மனுஷன்தானே. கண்ணு தெரிஞ்சிருக்காது."

"எனக்கு ஏழு வயசாயிருக்கறப்ப போட்டது. அப்ப அப்பாவுக்குக் கண்ணாடியே கிடையாது." மகள் பக்கங்களைப் புரட்டினாள். "நான் போட்ட வால் ஒண்ணுகூட இல்ல. கொக்குப் பக்கத்துல நான் போட்டது கொக்கோட கால் மேலயே விழுந்திருக்கும். அதுக்கு அப்பா ரெண்டு நாள் சிரிச்சார். அது எங்கே?"

அந்தம்மா தட்டை மேஜை மேல் வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள்.

"பேப்பர்காரர் வந்தார். எல்லாத்தையும் எடுத்துக்கச் சொன்னேன். இதையும்தான். வாளி கொடுத்தார். நீ கேட்டதும் சந்தையில தேடினேன். கெடச்சுது. ஆனா அழிச்சிட்டாங்க. அதான் நானே போட்டேன்."

மகள் கொக்குப் பக்கத்தை விரலால் தடவினாள்.

"நீ கேட்டே இல்ல, ஒண்ணுமே தோணலயான்னு. தோணல. வேணும்னு இல்ல. தோணவே மாட்டேங்குது. அவர் போட்டிருந்த செருப்பைப் பாத்தாலும் செருப்புன்னுதான் தோணுது. கை மட்டும் வேலை செய்யுது. அதான் கைய வச்சு ஏதாவது பண்ணலாம்னு பாத்தேன்."

சொல்லிவிட்டுத் தன் கைகளை மேஜை மேல் வைத்துப் பார்த்தாள், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல.

மகள் மறுபடி முதல் பக்கத்துக்குத் திருப்பினாள். பிறகு, "எத்தனை போட்டே?" என்றாள்.

"முப்பத்தெட்டு."

"முப்பத்தெட்டும் ப்-தானா?"

"உங்கப்பா வேண்டாம்னுதானே எப்பவும் சொல்வார்."

"அது 'பழைய'வுக்கு மட்டும்மா. ஊர்ல இருக்கற எல்லா ப்-க்குமா?" மகள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று அந்தம்மா நினைத்தாள். அப்புறம் பார்த்தால் சிரிப்பு மட்டும் இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டே மகள் பையிலிருந்து ஒரு ரப்பரை எடுத்தாள். "தாயையும் பறவையையும் பிரிச்சு வச்சிருக்கே. வா, இப்படி உக்காரு. நான் சொல்றேன், நீ அழி."

"அழுத்தக் கூடாது," என்றாள் அந்தம்மா ரப்பரை வாங்கிக்கொண்டு. "ஒத்தி எடுக்கணும்."

மகள் படிப்பாள். "முட்டையைப் பாதுகாக்கும். வேணும்." அவள் அழிப்பாள். "எடுத்துப் போகும். வேணும்." அழிப்பாள். "இரைக்காகப் பறக்கும். இதுவும் வேணும்." இப்படி ஒவ்வொன்றாக, முப்பத்தேழு ப் உயிர் பெற்று எழுந்தன. கடைசிப் பக்கம் வந்தது. குளிர்காலம் வந்ததும் வேறு தேசத்துக்குக் கிளம்பும் ஒரு பறவை. மகள் படித்தாள்: "குளிர் தொடங்கியதும் அது பறந்துப் போனது."

ரப்பர் அந்த ப் மேல் இறங்கியது.

"இரு. இரு. இது சரி."

"எது?"

"இங்க ப் வரக் கூடாது. பறந்து போனது. அச்சுல தப்பாப் போட்டுட்டாங்க. நீ போட்ட வால் சரிம்மா இங்க." மகள் குனிந்து, பக்கத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தாள். அந்தம்மா போட்ட வாலுக்கு அடியில் காகிதம் மேல் தோல் உரிந்து, பஞ்சுபோல நின்றது. "இங்க ஏற்கெனவே அழிச்சிருக்காங்க. அப்பா போட்ட எடம்."

அந்தம்மா விரலை வைத்தாள். நூறு சலவை கண்ட விரிப்பின் மூலைபோல இருந்தது.

"தேஞ்சிருக்கு," என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அழுதாளா என்று கேட்கிறீர்களா? இல்லை, கண்ணுங்களா. நான் பொய் சொல்லமாட்டேன். விரலை எடுக்கவில்லை, அது மட்டும்தான்.

கொஞ்ச நேரம் கழித்து, "இங்க மட்டும் ஏன் வேண்டாம்?" என்று கேட்டாள்.

மகள் விளக்கினாள். மெல்லெழுத்து, வல்லெழுத்து, குறைந்து ஒலிக்கும் உகரம் என்று என்னென்னவோ சொன்னாள். அப்பா சொல்லிக் கொடுத்ததை அப்படியே சொன்னாள்.

"புரியல," என்றாள் அந்தம்மா. அடுப்படியில் வேலை கிடந்தது, ஊறவைத்த துணி கிடந்தது. அவள் எழவில்லை. நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இன்னொரு தடவை சொல்லு."

அந்த ஒரு வாலை அவர்கள் அழிக்கவில்லை. அது இன்னும் அங்கேயே இருக்கிறது.

சரி, எழுந்திருங்கள், கால் மரத்துப் போயிருக்கும். உங்கள் வீட்டுச் சுவர் வெறுமையாகாமல் இருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் தேடி வரும்போது கேட்ட பொருள் கைக்குக் கிடைக்கட்டும். கிடைக்காமல் போனாலும், பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு தடவை சொல்ல உங்கள் வீட்டில் எப்போதும் ஒரு ஆள் இருக்கட்டும். போய் வாருங்கள், பார்த்து இறங்குங்கள்.